வால்டர் வீடு தேடி வந்த மாலை

மகனின் முழங்காலுக்குத் தைலம் பூசியபோது, அந்த வாசனையில் வால்டரின் நினைவு வந்தது. சிறுவயதில் ஒஸ்லோவின் புறநகரான ஹொல்ம்லியாவில் எங்களுக்குக் காற்பந்து பழக்கியவர் அவர். இளமையில் இங்கிலாந்தில் ஆடியவர், பயிற்சியாளராக ஒஸ்லோ வந்து இங்கேயே தங்கிவிட்டார். அவருடைய சட்டையில் எப்போதும் தைலம் மணக்கும்.

வன்னியில் ஷெல் விழுந்து பெரியப்பா இறந்த செய்தி வந்த கிழமை, நான் பயிற்சிக்குப் போகவில்லை. வால்டர் வீடு தேடி வந்து அப்பாவின் அருகில் அமர்ந்தார்.

"என் அம்மா இறந்தபோது நான் ஊருக்குப் போகவில்லை. அன்று எங்கள் அணிக்கு ஆட்டம் இருந்தது," என்றார் நோர்வேஜிய மொழியில்.

நான் அதைத் தமிழில் சொன்னதும் அப்பா என்னைப் பார்த்தார். "அவருக்குப் போக வழி இருந்தது, எனக்கு அதுவும் இல்லையெண்டு சொல்லு பிள்ளை."

சொன்னேன். வால்டர் தலைகுனிந்தார். "உண்மைதான். வழி இருந்தும் நான் போகவில்லை."

அதை நான் தமிழில் சொல்வதற்குள் அப்பா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினார். செய்தி வந்ததிலிருந்து அதுவரை அவர் அழுதிருக்கவில்லை.