இரண்டு வாரம் படித்துவிட்டுப் போட்ட கார்டு

பள்ளி நாட்களில் நான் விழுந்து விழுந்து படித்த விண்வெளித் தொடர்கதை ஒன்று உண்டு. பதினைந்து ஆண்டுகள் கழித்து, அதே எழுத்தாளர் அதன் தொடர்ச்சியை ஒரு வார இதழில் ஆரம்பித்தார். ஆசையாக வாங்கினேன். முதல் இரண்டு வாரமும் பழைய கதாநாயகன் தலைகாட்டவே இல்லை. ஆத்திரத்தில், "முடிந்த கதையை, கதாநாயகன்கூட இல்லாமல் ஏன் இழுக்கிறீர்கள்? நிறுத்துங்கள்" என்று கார்டு எழுதி, அரியலூர் தபாலாபீசில் போட்டுவிட்டேன்.

சில வாரங்களில் கார்டு என் பெயரோடு அச்சில் வந்தது. கூடவே, வாசகர்கள் பலர் விரும்பாததால் தொடரைச் சீக்கிரம் முடிக்கப்போவதாக அறிவிப்பு.

கால் முறிந்து எங்கள் வீட்டில் படுத்திருந்த நாத்தனார் செல்வி இதழை நீட்டினாள். "நீங்க எழுதுனதா அண்ணி? அஞ்சாவது வாரமே அவன் வந்துட்டானே! வயசாகி, கண்ணு மங்கி வரான். எனக்குப் பழசவிட இதுதான் புடிச்சிருக்கு."

நான் இரண்டாவது வாரத்தோடு நிறுத்தியிருந்தேன். வெட்கத்தோடு மீதியைப் படித்தேன். சாகசம் குறைவுதான். ஆனால் துருப்பிடித்த விண்கலத்தை அவன் தடவிப் பார்க்கும் இடத்தில் அழுதுவிட்டேன்.

"இன்னொரு கார்டு போடுங்க அண்ணி" என்றாள் செல்வி. தப்பை ஒப்புக்கொண்டு எழுதினேன். அவளும் எழுதினாள். ரெட்டிபாளையம் சிமெண்ட் ஆலையில் வேலை செய்யும் என் கணவர், தன் நண்பர்கள் நால்வரிடம் எழுதி வாங்கி வந்தார். அதில் ஒருவர் "பழசுதான் ஒசத்தி" என்று எழுதியிருந்தார். அதையும் சேர்த்தே அனுப்பினோம்.

தொடர் முழுதாக வரும் என்று அடுத்த மாதம் அறிவித்தார்கள். செல்வி படுத்தபடியே கை தட்டினாள்.

இப்போதெல்லாம் கதை முடியும்வரை குறை எழுதுவதில்லை. பிடித்திருந்தால் மட்டும் அந்த வாரமே எழுதிவிடுகிறேன்.