காகிதப் பிறந்தநாள்

ஊசியக்காவுக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும் என்பது அந்த ஆஸ்பத்திரியில் வாசல் காவலாளி முதல் பெரிய டாக்டர் வரை எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுப்பது அவள் வேலை. கை நல்ல கை. குழந்தை அழ வாயைத் திறப்பதற்குள் ஊசியை உருவிப் பஞ்சை வைத்து அழுத்தியிருப்பாள். வாய்தான் அவ்வளவு மிருது இல்லை.

நாற்காலியில் யார் வந்து உட்கார்ந்தாலும் முதலில் பெயரைக் கேட்பாள், அடுத்தது பிறந்த தேதி. டியூபில் ஒட்டியிருக்கும் சீட்டோடு இரண்டும் ஒத்துப்போனால்தான் ஊசியைக் கையில் எடுப்பாள். சர்க்கரைக்காக மாதாமாதம் வந்துபோகும் பெரியவர் ஒருவர் ஒருநாள் சலித்துக்கொண்டார்.

“ஏம்மா, என்னை உனக்குத் தெரியாதா?”

“எனக்குத் தெரியும் ஐயா. டியூபுக்குத் தெரியாதே.”

தேதி மாறிப்போன டியூப் யாருடையதாக இருந்தாலும் குப்பைக்குத்தான். ஒருமுறை பெரிய டாக்டரே இறங்கி வந்து, அந்த அம்மாவை இன்னொரு தடவை குத்த வேண்டுமா என்று கத்தினார். “குத்தித்தான் ஆகணும் டாக்டர். வலிக்கும், என்னைத் திட்டுவாங்க. திட்டிட்டுப் போகட்டும்,” என்று சொல்லிவிட்டுப் புது டியூபை எடுத்துக்கொண்டு மாடியேறிப் போய்விட்டாள்.

இப்படிப்பட்டவள் வீட்டிலேயே ஒரு தப்பான தேதி பதினோரு வருஷமாகச் சோறு தின்று வளர்ந்துகொண்டிருந்தது. அதை நினைத்தாலே அவளுக்கு வயிறு எரியும்.

அந்தத் தேதியைக் கொண்டுவந்தவன் அவள் புருஷன். ஏசி மெக்கானிக். கெட்டவன் என்று சொல்ல முடியாது. குடி இல்லை, கைநீட்டுவது இல்லை. ஆனால் எந்த வரிசையிலும் கடைசியில் நிற்க அவனுக்கு உடம்பு கூசும். மூத்தவளான பெண்ணுக்கு நாலு வயது தாண்டியதும், “ஒரு வருஷம் முன்னாடி சேர்த்துட்டா ஒரு வருஷம் முன்னாடி முடிச்சிடுவா, நமக்கு ஒரு வருஷம் மிச்சம்,” என்றான். ஏப்ரலில் பிறந்த பெண்ணைப் பள்ளிக் காகிதத்தில் அதற்கு முந்தைய வருஷத்து மே மாதத்துக்குத் தள்ளிவைத்துவிட்டு வந்தான். வேண்டாம் என்று இவள் இரண்டு நாள் குதித்தாள். மாமியார், மாமனார், பக்கத்து வீடு, எதிர் வீடு எல்லாரும் ஒரே குரலில், ஊரில் நடக்காததா, இதற்குப்போய் இந்த ஆட்டமா என்றார்கள். அப்படித்தான் அவள் தோற்றாள்.

பள்ளியில் கேட்டால் குழந்தை தப்பாமல் சொல்ல வேண்டுமே. அப்பன் சட்டைப்பையில் மிட்டாய் வைத்துக்கொண்டு பழக்கினான். புதுத் தேதியைச் சொன்னால் ஒரு மிட்டாய். பழைய தேதியைச் சொன்னால் உதட்டைப் பிதுக்கிக் கையை விரிப்பான். ஒரே வாரத்தில் அந்தப் பிஞ்சு தன் பிறந்தநாளை மறந்தது. வளர்ந்த பிறகு அவளே அதற்குக் ‘காகிதப் பிறந்தநாள்’ என்று பெயர் வைத்துச் சிரிப்பாள். அம்மாவுக்கு அதில் சிரிக்க ஒன்றும் இருக்கவில்லை.

பிறகு புருஷனுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது. மீன் பதப்படுத்தும் கம்பெனியில் குளிர் அறைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அவன் ஒரு வருஷம் முன்னால் போய் அந்த ஊர் மொழியைத் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டான். இங்கே பெண் அதே மொழியைக் கைப்பேசியில் பாடம் கேட்டே அப்பனைவிட நன்றாகப் பேச ஆரம்பித்துவிட்டாள். அவள் தம்பி, பதின்மூன்று வயதுப் பையனுக்கு, அதெல்லாம் ஏறவில்லை. அம்மாவுக்கு எண்களும் நாலைந்து வார்த்தைகளும் பிடிபட்டன.

பிள்ளைகளை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்ற பேச்சு வந்ததும் புருஷனின் அக்கா போனில் தலையிட்டாள். அவன் போன ஊருக்குப் பக்கத்து நகரத்தில் இருபது வருஷமாக இருக்கிறவள். அந்த நாட்டையே தன் சீதனமாகக் கொண்டுபோனவள் மாதிரி பேசுவாள். தன் பிள்ளைகள் படித்த பள்ளியில்தான் சேர்க்க வேண்டும், அங்கே நீச்சல் குளம் இருக்கிறது, குதிரை இருக்கிறது என்றாள்.

“குதிரை எதுக்கு அண்ணி? புதுசா வர்ற பிள்ளைங்களுக்கு அந்த ஊர்ப் பாஷை யாரு சொல்லிக்குடுப்பாங்க? அதைச் சொல்லுங்க,” என்றாள் ஊசியக்கா.

அண்ணிக்கு அது தெரியவில்லை. வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு சாதாரணப் பள்ளி இருப்பதையும், புதிதாக வரும் பிள்ளைகளுக்கு அங்கே முதல் வருஷம் தனியாக மொழி வகுப்பு உண்டு என்பதையும் பெண்தான் தேடிக் கண்டுபிடித்தாள். ஊசியக்கா ஒற்றைக்காலில் நின்று அதையே முடிவு செய்தாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்தக் குடும்பத்தில் அவள் ஜெயித்த முதல் சண்டை அது.

போய்ச் சேர்ந்த வாரமே நாலு பேரும் பள்ளிக்குப் போனார்கள். ஒரு ஆசிரியர் சுற்றிக் காட்டினார். வேதியியல் கூடத்தில் மேஜைக்கு மேஜை கேஸ் குழாய், தண்ணீர்க் குழாய், வரிசையாகக் கண்ணாடிக் குடுவைகள். பெண் ஒரு குழாயைத் திறந்து பார்த்தாள், மூடினாள், மறுபடியும் திறந்தாள். அம்மாவோடு ஆஸ்பத்திரிக்கு வந்து ஜன்னல் வழியாக டியூப்களைப் பார்த்தே வளர்ந்தவள் அவள். அந்த முகத்தைப் பார்த்ததும் ஊசியக்காவுக்கு வேலையை விட்டு வந்த துக்கம்கூடக் கொஞ்சம் ஆறியது.

அலுவலகத்தில் இருந்த பெண்மணிக்கு ஒட்ட வெட்டிய நரைமுடி, கழுத்துக் கயிறு கட்டிய கண்ணாடி. பெண்ணைப் பார்த்துப் பிறந்த தேதி கேட்டாள். பெண் கண் சிமிட்டாமல் காகிதத் தேதியைச் சொன்னாள். சொன்ன கையோடு அவள் பார்வை அப்பாவின் சட்டைப்பைக்குப் போய்த் திரும்பியது. அவளுக்கே தெரியாமல் நடந்த காரியம் அது. பெண்மணி மனசுக்குள் கணக்குப் போட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றிப் புருஷனிடம் ஏதோ சொன்னாள்.

“தம்பிக்கு இடம் இருக்காம்,” என்றான் புருஷன், தரையைப் பார்த்துக்கொண்டு. “இவளுக்குப் பதினாறு முடிஞ்சிடுச்சில்ல. முடிஞ்சவங்களைப் புதுசா எந்த ஸ்கூல்லயும் சேர்க்க மாட்டாங்களாம். பெரியவங்க படிக்கிற மையம் ஒண்ணு இருக்கு, அங்க போகணுமாம்.”

“யாருக்குப் பதினாறு முடிஞ்சிது?”

“மெதுவாப் பேசு.”

“ஏப்ரல்லதான் பதினஞ்சு முடிஞ்சிது. பெத்தவ நான் சொல்றேன்.”

அவன் அவசரமாகப் பெண்மணிக்கு நன்றி சொல்லி எல்லாரையும் வெளியே தள்ளிக்கொண்டு வந்தான்.

வீட்டுக்கு வந்ததும் வெடித்தது. டயர்க் கடைக்கு மேலே இரண்டு அறை வீடு. கீழே சக்கரத்துக்குக் காற்றடிக்கும் சத்தத்தையும் மீறி அவள் குரல் கேட்டிருக்கும். “ஒரு வருஷம் மிச்சம்னீங்களே, எங்க அந்த மிச்சம்? எடுத்துக் குடுங்க அவ கையில.” அவன் வாங்கிக்கட்டிக்கொண்டு கடைசியில் தன் பக்கத்தைச் சொன்னான். பாஸ்போர்ட், விசா எல்லாவற்றிலும் அதே தேதிதான் இருக்கிறது. அது பொய் என்று நாமே போய்ச் சொன்னால் மொத்தமாக மூட்டை கட்டி அனுப்பிவிடுவார்கள். வேலை போகும், பையனுடைய பள்ளியும் போகும். அவன் சொன்ன இதில் பொய்யே இல்லை என்பதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரம்.

அண்ணி போனில் வந்தாள். “பொண்ணுதானே, எங்க போட்டாலும் பொழைச்சுக்குவா. பையனுக்கு இடம் கிடைச்சிடுச்சில்ல, அந்த மட்டும் சந்தோஷப்படுங்க.”

“உங்க பொண்ணை அங்க அனுப்பியிருப்பீங்களா அண்ணி?”

“என் பொண்ணுக்கு என்ன வந்தது? அவளுக்கு எல்லாம் சரியாத்தானே இருந்தது.”

ஊசியக்கா போனைக் கட்டிலில் விட்டெறிந்தாள்.

அந்த மையத்தையும் பார்த்துவிடுவோம் என்று மறுநாள் மகளைக் கூட்டிக்கொண்டு போனாள். மரச்சாமான் கிடங்குக்கு மேலே நீளமான ஒரு ஹால். இரவு முழுக்க ஆபீஸ் கூட்டிப் பெருக்கிவிட்டு வந்த பெண்கள் கன்னத்தில் கை வைத்தபடியே தூங்கி வழிந்தார்கள். லாரி ஓட்டுகிறவர், சமையல்காரர், கட்டட வேலைக்காரர். தாடி நரைத்த ஒருவர் தன் பையை எடுத்துக்கொண்டு மகளுக்கு நாற்காலி விட்டுக்கொடுத்தார். எல்லாரும் நல்லவர்கள். அவர்கள்மேல் அவளுக்கு ஒரு கோபமும் இல்லை. வாடகை ரசீதை எப்படிப் படிப்பது என்று அன்றைக்குப் பாடம். மகள் வகுப்பு முடியும்வரை அடக்கமாக உட்கார்ந்திருந்துவிட்டு, படி இறங்கும்போது கேட்டாள்.

“இங்க லேப் இருக்காதாம்மா?”

“இருக்காது.”

“சரி,” என்றாள் பெண்.

அழுதிருந்தால் தேவலை. அந்தச் ‘சரி’தான் ஊசியக்காவைக் கொன்றது. பதினோரு வருஷமாக எல்லாரும் இந்தக் குழந்தைக்குப் பழக்கிக்கொடுத்தது இதைத்தான் என்று அவளுக்கு உறைத்தது. எவன் எந்தத் தேதியைத் தலையில் கட்டினாலும் ‘சரி’ என்று சொல்லி வாங்கிக்கொள்ள வேண்டும். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாள்.

புருஷன் வேலையிலிருந்து வந்ததும் நேரடியாகச் சொன்னாள். “நாளைக்கு லீவு போடுங்க. ஸ்கூலுக்குப் போறோம். நான் உண்மையைச் சொல்லப் போறேன்.”

“பைத்தியமா உனக்கு? எல்லாரும் நடுத்தெருவுல நிப்போம்.”

“இப்ப அவ ஒருத்தி மட்டும் நிக்கறா. அது உங்களுக்குத் தெருவாத் தெரியலையா?”

அவன் வரமாட்டான் என்றுதான் நினைத்தாள். காலையில் சட்டை மாட்டிக்கொண்டு வந்து நின்றான். இவளைத் தனியாக விட்டால் இன்னும் ஆபத்து என்று பயந்திருப்பான்.

நரைமுடிப் பெண்மணி மூன்று நாற்காலி போட்டாள். ஊசியக்கா தமிழிலேயே நிதானமாகச் சொன்னாள். தேதி தப்பு, பள்ளியில் சேர்க்க நாங்கள் சொன்ன பொய் அது, என் பெண் பிறந்தது அதற்கு அடுத்த வருஷம் ஏப்ரலில். சொல்லிவிட்டுப் புருஷனைப் பார்த்தாள். அவன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு அந்த ஊர் மொழியில் ஏதோ சுருக்கமாகச் சொன்னான். பெண்மணி புன்னகைத்துத் தலையாட்டினாள்.

தான் சொன்னதைக் கேட்டு யாரும் புன்னகைக்க மாட்டார்கள் என்பது ஊசியக்காவுக்குத் தெரியும். மகள் பக்கம் திரும்பினாள்.

“அப்பா என்ன சொன்னாரு?”

“தம்பியைச் சேர்த்துக்கிட்டதுக்கு அம்மா நன்றி சொல்றாங்கன்னு.”

“நான் சொன்னதை நீ சொல்லு.”

“வேணாம்,” என்றான் புருஷன். அவன் குரலில் அதட்டல் இல்லை, பயம்தான் இருந்தது.

பெண் அப்பாவின் சட்டைப்பையைப் பார்த்தாள். இந்த முறை தெரிந்தே பார்த்தாள், அவனும் அதைக் கவனித்தான். அவன் கை தன்னையறியாமல் பையை மூடிக்கொண்டது. பிறகு அவள் பெண்மணியை நேராகப் பார்த்துப் பேச ஆரம்பித்தாள். ஊசியக்காவுக்கு எண்கள் மட்டும் புரிந்தன. நாள் சரி, மாதம் சரி, வருஷம் சரி. தன் மகள் வாயால் அந்தத் தேதியை ஒரு மேஜைக்கு முன்னால் கேட்பது அவளுக்கு அதுதான் முதல் தடவை.

பெண்மணியின் புன்னகை போய்விட்டது. பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிதானமாக ஏதோ சொன்னாள்.

“எழுதிட்டா மேலிடத்துக்கு அனுப்பியே ஆகணுமாம்,” என்றாள் மகள். “விசாரணை வருமாம். என்ன முடிவாகும்னு அவங்களுக்கே தெரியாதாம். எழுதட்டுமான்னு கேக்கறாங்க.”

“எழுதச் சொல்லு.”

பேனா நகரும் சத்தம் கேட்டதும் புருஷன் எழுந்து வெளியே போய்விட்டான். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். மகள் அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்பா ரொம்பக் கோவமா இருக்காரும்மா.”

“இருக்கட்டும்,” என்றாள் ஊசியக்கா. “பதினோரு வருஷம் நான் இருந்தேன். இனிமே கொஞ்ச நாள் அவரு இருக்கட்டும்.”