கேரியரில் கூடுதலாக ஒரு களி உருண்டை

என் வீட்டுக்காரர் ஓசூரில் சப்-இன்ஸ்பெக்டர். என் தம்பி அதே ஊரில் சேலத்துப் பத்திரிகை ஒன்றுக்கு நிருபர். அறுபதுகளின் கடைசியில் இந்த இருவருக்கும் நடுவில் நின்று கேழ்வரகுக் களி கிண்டியவள் நான்.

வீட்டுக்காரருக்கு மதியச் சாப்பாடு கேரியரில் ஸ்டேஷனுக்குப் போகும். விசாரணைக்கு யாரையாவது பிடித்து வைத்திருந்தால், அவன் பட்டினி கிடக்கக் கூடாதென்று ஓர் உருண்டை கூடக் கேட்டு அனுப்புவார். இதை என் தம்பி அடுப்படியில் காப்பி குடித்தபடியே கண்டுபிடித்துவிட்டான். தெலுங்கு பேசும் குடியானவர் ஒருவரின் உழவு மாடுகள் களவுபோன சமயம் அது. கூடுதல் உருண்டையைப் பார்த்தவன், ஒருவன் சிக்கினான் என்று எழுதிவிட்டான். அதைப் படித்த கூட்டாளி மாடுகளோடு எல்லை தாண்டி மைசூர்ப் பக்கம் போய்விட்டான்.

"பேப்பர்காரன வீட்லயே வெச்சிருக்கியாமே" என்று மேலதிகாரி இவரை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். அன்றிலிருந்து இவர் வாயைத் திறப்பதில்லை, கூடுதல் உருண்டையும் கேட்பதில்லை. எனக்கு இருவர் மேலும் கோபம். முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு சாப்பிடுகிறவர்களுக்கு உப்பு எதற்கு என்றுகூடத் தோன்றியது.

தம்பிக்குச் சேதி வறண்டது. ஓசூர்ச் சங்கதியெல்லாம் பெங்களூர்க் கன்னடப் பேப்பரில் முதலில் வந்தது. இன்னொரு சேதி தவறினால் வேறு ஆள் போட்டுக்கொள்வதாகச் சேலத்திலிருந்து சொல்லிவிட்டார்கள். அந்த வேலையை நம்பித்தான் அவனுக்குப் பெண்ணே கொடுத்திருந்தார்கள். இவரிடம் சொல்லி அழுதேன். காதில் விழாதவர்போல பெல்ட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

சில வாரம் கழித்து, ஒரு சந்தை நாளில், கான்ஸ்டபிள் வந்து, "ஐயா ஒரு உருண்ட கூட வெக்கச் சொன்னாருங்கம்மா" என்றார். தம்பி டம்ளரை அப்படியே வைத்துவிட்டுக் கேரியருக்கு முன்னால் ஸ்டேஷனுக்கு ஓடினான்.

அங்கே லாக்கப் காலி. "வா மாப்ள, உக்காரு. உங்கக்கா களி அனுப்பறா" என்று இவர் தட்டைப் போட்டாராம்.

"யாரைங்க மாமா புடிச்சீங்க?"

"மொதல்ல சாப்புடு."

கேட்டதற்கெல்லாம் கீரைக் குழம்பைத்தான் ஊற்றினாராம். எல்லைக்கு அந்தப் பக்கத்துச் சந்தையில், அன்று தப்பிய அந்தக் கூட்டாளித் திருடனைப் பிடித்தாயிற்று என்று இவருக்குக் காலையிலேயே போன் வந்திருக்கிறது. தம்பி கை கழுவும்போது, இவருடைய ஆட்கள் திருடனோடும் மாடுகளோடும் வாசலில் வந்து நின்றார்கள். மாட்டுக்காரர் மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தெலுங்கில் கொஞ்சியதைப் பார்த்த ஒரே பத்திரிகைக்காரன் என் தம்பி.

மறுநாள் அவன் பேப்பரில்தான் முதலில் வந்தது. யார் சொன்னது என்று மேலதிகாரி கேட்டாராம். "நான் ஒண்ணும் சொல்லலீங்கய்யா. மச்சினன் சாப்புட வந்தான்" என்றாராம் இவர். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அந்த மனிதர் மேல் எனக்கு அன்று வந்த பிரியம் கொஞ்சநஞ்சமல்ல.

சாயங்காலம் காலிக் கேரியரை என் கையில் கொடுத்தார். "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமில்லீங்க?" என்றேன்.

"அன்னிக்கு நீ அழுதது எனக்குக் காதுல விழுந்துச்சு. அதுக்கு மேல பேச என்ன இருக்குது?" என்று பெல்ட்டைக் கழற்றிக்கொண்டே உள்ளே போனார்.