தணிகாசலத்தின் பதினோரு பாயிண்ட்

மயிலாப்பூரில் முண்டகக்கண்ணி அம்மன் கோயிலுக்குப் பின்பக்கச் சந்தில் ஒரு கடை. உள்ளே ஒரு ஆள் உட்கார்ந்தால் இன்னொரு ஆள் தெருவில்தான் நிற்க வேண்டும். மிக்சி, கிரைண்டர் ரிப்பேர். இருபத்தாறு வருஷமாக அதில் உட்கார்ந்திருப்பவர் தணிகாசலம். மோட்டார் ஓடுகிற சத்தத்தைக் கேட்டே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவார். வெற்றிலை, பாக்கு, பீடி எதுவும் கிடையாது. அவருக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம் ‘பதில் பந்தல்’.

அது ஒரு கேள்வி பதில் இணையதளம். யாரும் கேட்கலாம், யாரும் சொல்லலாம், சொன்னால் பாயிண்ட். முதலில் சொன்னவருக்கு போனஸ் வேறு. கேட்கவும் வேண்டுமா! பஸ்ஸில் தொங்கிக்கொண்டே வாய்க்கு வந்ததைத் தட்டிவிட்டவர்கள் எல்லாம் பாயிண்டை அள்ளிக்கொண்டிருந்தார்கள். நம்ம ஆளோ, “ஜாரை எடுத்தப்புறமும் அந்த சத்தம் வருதா?” என்று திருப்பிக் கேட்பார். கேட்காமல் எப்படிச் சொல்வது? ஆனால் பதில் இருக்க வேண்டிய இடத்தில் கேள்வி இருந்தால் இரண்டு பாயிண்ட் வெட்டு. எட்டு மாதம் மாரடித்து அவர் சேர்த்தது பதினொன்று. வயிறு எரியுமா, எரியாதா?

ஒருநாள் மதியம், ஜஹீதா என்ற பெண் கேட்டிருந்ததைப் படித்தார். கிரைண்டரைத் தொட்டால் சுருக்கென்று ஷாக் அடிக்கிறது, என்ன செய்வது? முதல் பதில்: “லேசான ஷாக் சகஜம். ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு அரையுங்கள்.” முந்நூற்றுப் பன்னிரண்டு லைக். அந்தப் பெண்ணும் நன்றி சொல்லி அதையே ஏற்றுக்கொண்டதால் கேள்வி பூட்டப்பட்டுவிட்டது.

“அடப்பாவி, ஆளைக் கொன்னுடுவான் போல கீதே!” என்று தணிகாசலம் வாய்விட்டே கத்திவிட்டார். இனிப் புதிய பதில் போட முடியாது. கீழே கமெண்ட் போடலாம், அதற்கு ஐம்பது பாயிண்ட் வேண்டும். தளத்துக்காரர்களுக்குப் புகார் எழுதினார். மூன்று நாளில் பரிசீலிப்போம் என்று வந்தது. மூன்று நாளில் அந்தப் பெண் எத்தனை முறை மாவு அரைப்பாள்?

சாப்பாடு கொண்டுவந்த மனைவி பாஞ்சாலி முகத்தைப் பார்த்தாள். “இன்னாயா, பேயறைஞ்சா மாதிரி குந்திகினு கீற?”

சொன்னார். போனை வாங்கி மேலும் கீழும் தள்ளினாள். மிக்சி ஜாரில் பூண்டு நாற்றம் போகவில்லை என்று யாரோ அப்போதுதான் கேட்டிருந்தார்கள். “எலுமிச்சம்பழத் தோலும் கல்லுப்பும் போட்டு ஒரு சுத்து வுட்டு கழுவச் சொல்லு. சட்டுனு போடுயா, எவனாவது முந்திக்கப் போறான்!”

போட்டார். சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் அறுபத்துநாலு பாயிண்ட்! கூடவே ‘சமையல் சக்கரவர்த்தி’ என்று ஒரு பட்டம். இருபத்தாறு வருஷ வேலைக்குப் பதினொன்று, எலுமிச்சம்பழத் தோலுக்கு இத்தனை. கோபப்படக்கூட நேரமில்லை, உடனே கமெண்ட் எழுதினார்.

“அம்மா, முதல்ல சுவிட்ச அணைச்சு பிளக்கை எடுங்க. ஷாக் அடிக்கறது சகஜம் இல்ல. எர்த் இருக்கான்னு எலக்ட்ரீஷியனைப் பாக்கச் சொல்லுங்க. அதுவரைக்கும் கடையில மாவு வாங்கிக்கோங்க.”

செருப்பு யோசனை சொன்னவன் சும்மா இருப்பானா? “சமையல் சக்கரவர்த்தி, நீங்க சட்னி பக்கம் போங்க” என்று எழுதினான். அதற்கும் ஏழு லைக். தணிகாசலம் பல்லைக் கடித்துக்கொண்டார். ஒரு மிக்சியைப் பிரித்தார், போனைப் பார்த்தார், திருகாணியைத் தொலைத்தார், மறுபடி போனைப் பார்த்தார்.

பாஞ்சாலி டீயோடு வந்தபோது அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

“எத்தினி பாயிண்ட் குட்த்தான்?”

“கமெண்டுக்கெல்லாம் பாயிண்டே கெடையாது.”

“அப்பறம் இன்னாத்துக்கு இந்த இளிப்பு?”

போனை நீட்டினார். ஜஹீதா எழுதியிருந்தாள்: “அண்ணே, பிளக்கை எடுத்துட்டேன். எலக்ட்ரீஷியன் இப்பதான் வந்து பார்த்தார். எர்த் ஒயரே அறுந்து கிடக்குதாம். நான் செருப்பு போட்டுக்கிட்டுதான் அரைச்சேன். மாவை வழிக்கிறது எங்கம்மா. அவங்க வீட்டுக்குள்ள செருப்பே போட மாட்டாங்க.”

பாஞ்சாலி இரண்டு தடவை படித்தாள். பிறகு டீ டம்ளரை அவர் கையில் கொடுத்துவிட்டு, தெருப்பக்கம் பார்த்தபடி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.