அட்டனில் ஓடாத படம்

இல்லாத சினிமாவுக்குப் போஸ்டர் வரைவதுதான் என் தொழில். நாகரிகமாகச் சொன்னால் நான் ஒரு சமகால ஓவியன். வட்டகொடையில், எங்கள் தேயிலைத் தோட்டத்தில், யாரிடமும் அப்படிச் சொல்லிக்கொள்வதில்லை. சொன்னால், “அப்ப எங்க வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க எப்ப வாற?” என்று கேட்பார்கள்.

போன வருடம் பழைய பாணியில் ஆறு போஸ்டர்கள் வரைந்தேன். அதில் எனக்குப் பிடித்தது ‘வளையல் கேட்ட தங்கை’. கையில் சாட்டையுடன் அண்ணன். அகலமான கால்சட்டை, பாதிக் கன்னத்துக்குக் கிருதா. அவன் காலடியில் கண்ணீர் வடிக்கும் தங்கை. வலது மூலை காலியாகக் கிடந்ததால் அங்கே ஒரு ஹெலிகொப்டரை வைத்தேன். அதற்கு வேறு காரணம் கிடையாது. தலைப்பு, நடிகர்கள், கதை எல்லாமே என் சொந்தச் சரக்கு.

அட்டனில் ஒரு மண்டபத்தில் கண்காட்சி. ஏற்பாடு செய்தவர் கொழும்பிலிருந்து வந்த ஓர் அக்கா. கைத்தறிச் சேலை, பெரிய பொட்டு. எதைப் பார்த்தாலும் ‘கூட்டு நினைவு’ என்பார். கடை வடையைக்கூட அப்படித்தான் சொன்னார். என் அம்மாவும், எங்கள் லயத்து வீட்டு வரிசையில் கடைசி வீட்டில் இருக்கும் மாமாவும் முதல் நாளே பஸ் ஏறி வந்துவிட்டார்கள். மாமா அம்மாவின் கூடப்பிறந்தவர் இல்லை. ஒரே லயத்தில் வளர்ந்தவர்கள் என்பதால் சண்டை மட்டும் கூடப்பிறந்தவர்கள் மாதிரியே போடுவார்கள்.

மாமா ‘வளையல் கேட்ட தங்கை’ போஸ்டரின் முன்னால் அப்படியே நின்றுவிட்டார்.

“அட, இந்தப் படமா! இதே அட்டன்லதானே பார்த்தோம். கூட்டம் தாங்கல. ஞாபகம் இருக்கா தங்கச்சி?”

“இல்லாமையா?” என்றார் அம்மா. “தங்கச்சிக்காரி சாகுறப்ப அழுது அழுது என் முந்தானையே நனைஞ்சு போச்சுண்ணே.”

“எங்க செத்தா? அண்ணன்தான் ஹெலிகொப்டர்ல வந்து காப்பாத்திருவானே!”

“ஹெலிகொப்டர்ல வந்தவன் வில்லன். நீங்க வெளிய நின்னு பீடி குடிச்சுக்கிட்டு இருந்தீங்க. ஒங்களுக்கு எப்படித் தெரியும்?”

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “அம்மா, அப்படி ஒரு படமே வரல. நானா வரைஞ்சதும்மா.”

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நீ அப்ப பொறக்கவே இல்ல. ஒனக்கு என்னா தெரியும்?”

அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. சிலர் அம்மா பக்கம், சிலர் மாமா பக்கம். வட்டவளையிலிருந்து வந்த ஒரு பெரியம்மா அந்தப் படத்துப் பாட்டையே பாடிக் காட்டினார். மெட்டு நன்றாகத்தான் இருந்தது. என் கோடுகளைப் பற்றியோ நிறங்களைப் பற்றியோ ஒருவரும் வாய் திறக்கவில்லை. கொழும்பு அக்கா கண்கள் கலங்க எல்லாவற்றையும் போனில் பதிவு செய்துகொண்டிருந்தார்.

“அக்கா, இவங்க சொல்றது அத்தனையும் பொய்” என்றேன் மெதுவாக.

“பொய்யா? அப்படின்னா இன்னும் நல்லது!” என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸிலும் சண்டை ஓயவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு பேச்சே நின்றுபோனது. தன் காய்கறித் தோட்டத்து லீக்ஸில் எப்போதும் எங்களுக்கு ஒரு கட்டுக் கொண்டுவரும் மாமா, எங்கள் வாசலைத் தாண்டி அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். அம்மா அதைப் பார்க்காத மாதிரி பார்த்தார். எனக்கு முதலில் வேடிக்கையாக இருந்தது. போகப் போக, இல்லாத படத்தால் இருக்கிற உறவு போய்விடும்போல இருந்தது.

கடைசியில் ஒருநாள் சாயங்காலம் மாமாவே வந்து வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை.

“மாப்ள, நீதானே வரைஞ்ச. நீயே சொல்லு. முடிவு என்னா?”

அம்மாவும் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். சமாதானம் செய்யும் ஆசையில், ரொம்ப யோசிப்பவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொன்னேன்: “ரெண்டும் இல்ல மாமா. தங்கச்சி இன்ஸ்பெக்டரைக் கல்யாணம் பண்ணிக்கிருவா. அண்ணன்தான் தாலி எடுத்துக் குடுப்பான்.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“அது வேற படம்” என்றார் மாமா.

“வேற படம்தான்ணே. இவனுக்கு என்னா தெரியும்? உள்ள வாங்க, தேத்தண்ணி ஊத்துறேன்.”

மற்ற ஐந்து போஸ்டர்களும் கொழும்புக்குப் போயின. இதை மட்டும் மாமா கேட்டு வாங்கி, தன் வீட்டு முன்னறையில் சாமி காலண்டருக்குப் பக்கத்தில் மாட்டிவைத்திருக்கிறார். வருகிறவர்களில் பாதிப் பேர் அந்தப் படத்தைப் பார்த்தவர்கள். பார்க்காதவர்களுக்கு மாமா கதை சொல்கிறார். அம்மா குறுக்கிட்டுத் திருத்துகிறார்.