பீரோவில் இருந்த ஊசி

உம்மாவுக்கு நான் சர்க்கரை ஊசி போடத் தொடங்கி எட்டு வருடம் ஆகிறது. மேலப்பாளையம் வீட்டில் நாங்கள் இருவர் மட்டும்தான். ஜாக்கெட் தைத்து நான் சம்பாதிப்பதில் பாதிக்கு மேல் மெடிக்கலுக்கே போய்விடும். அதனால் மிச்சம் பிடிப்பதில் எனக்குப் பெரிய கெட்டிக்காரி என்ற நினைப்பு. ஒரு தடவை போட்டுவிட்டுத் தூர எறிய வேண்டிய ஊசியை முனை மழுங்கும்வரை வைத்திருப்பேன். உம்மா பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்வாள்.

போன வருடம், சவுதியில் வேலை பார்க்கும் என் அண்ணன், ஊருக்குப் பயணம் வந்த பக்கத்துத் தெருக்காரரிடம் மருந்து கொடுத்துவிட்டார். ஐஸ் வைத்துக் கட்டிய ஆறு குப்பிகள். கூடவே ஒரு கட்டுப் புது ஊசி. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. குப்பிகளை ஃப்ரிட்ஜில் அடுக்கினேன். ஊசிக்கட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். வெளிநாட்டிலிருந்து சபராளிகள் கொண்டுவரும் சாமானை எங்கள் வீடுகளில் யாரும் உடனே பிரிக்க மாட்டோம். சோப்பு, சென்ட், கம்பளி எல்லாம் பீரோவுக்குள் போய், நல்ல நாளுக்கோ விருந்தாளிக்கோ காத்துக் கிடக்கும். கையில் இருந்த ஊசி இன்னும் நாலைந்து தடவை தாங்கும் என்று தோன்றியது. புதியதை வீணாக்க மனம் வரவில்லை.

மறுநாள் காலையில் புது மருந்தைப் பழைய ஊசியில் வழக்கமான இருபதாவது கோடுவரை இழுத்துப் போட்டேன். உம்மா இட்லி சாப்பிட்டுப் படுத்தாள். ஒரு மணி நேரம் கழிந்திருக்கும், நான் மிஷினில் இருந்தேன். உள்ளேயிருந்து உம்மா வாப்பாவைக் கூப்பிட்டாள். வாப்பா மவுத்தாகி, அடக்கம் முடிந்து ஏழு வருடம்.

ஓடிப்போய்ப் பார்த்தால் சேலை முழுக்க வேர்வை. கண் எங்கேயோ நிலைகுத்தி நின்றது. சீனியைக் கரைத்து ஊற்றினேன், கடைவாயில் வழிந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் ஆட்டோ பிடித்தார். கொக்கிரகுளம் பாலத்தில் வண்டிகள் அசையவில்லை. ஆற்றின் நடுவில் உம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கு ஓதத் தெரிந்த துஆ ஒன்றுகூட முழுதாக வாயில் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். என்ன மருந்து போட்டாய் என்று நர்ஸ் கேட்டதும், பையில் கொண்டுபோன குப்பியையும் ஊசியையும் காட்டினேன். இரண்டையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"இது இங்கன விக்குத மருந்து இல்ல. ரெண்டரை மடங்கு கெட்டி. இதுக்கு ஊசியே வேற, கோட்டு அளவும் வேற. கூட வரலியா?"

வந்தது என்றேன். அதைப் பீரோவில் பூட்டி வைத்திருப்பதைச் சொல்லவில்லை.

உம்மா கண் விழிக்க மதியமானது. நடந்ததை அழுதுகொண்டே அவளிடம் ஒப்பித்தேன். அதற்குள் அண்ணனின் போன் வந்துவிட்டது. உம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"சொல்லிராதட்டி. பயந்துட்டான்னா இனி அனுப்ப மாட்டான்."

உம்மா எப்படி இருக்கிறாள் என்று அண்ணன் கேட்டார், தூங்குகிறாள் என்றேன். அடுத்துக் கேட்டார்:

"புது ஊசி எப்படி இருக்கு? வலிக்காதாம்லா?"

"நல்லாருக்கு காக்கா," என்றேன் அண்ணனிடம். அடுத்த மாதம் ஒருவர் ஊருக்கு வருகிறார், இன்னும் கொடுத்துவிடுகிறேன் என்றார். என்மேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து வீட்டுக்கு வந்தோம். பீரோவில் சோப்புகளுக்கு அடியில் கிடந்த கட்டைப் பிரித்தேன். டாக்டர் எழுதிக்கொடுத்த அளவை நாலு தடவை சரிபார்த்த பிறகே மருந்தை இழுத்தேன். உம்மா கையை நீட்டினாள். என்னை நம்பி நீட்டினாளா, வேறு வழியில்லாமல் நீட்டினாளா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

போட்டு முடித்ததும், வலிக்கவே இல்லை என்றாள். அத்தனை வருடத்தில் அவள் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.