வெள்ளிமலை பஸ்ஸில் ஒரு எலுமிச்சம்பழம்

பிரசவ விடுப்பு முடிந்து வெள்ளிமலைப் பள்ளிக்குத் திரும்பிய முதல் நாளே எனக்கு வீறாப்பு. பி.டி. டீச்சர் என்றால் சும்மாவா? ஆறாம் வகுப்புப் பெண்களிடமிருந்து ஸ்கிப்பிங் கயிற்றை வாங்கி, "இப்படிக் குதிக்கணும், பாருங்க" என்றேன். மூன்றாவது குதியில் சிறுநீர் கசிந்து நனைந்துவிட்டேன். பக்கத்திலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து, குடிப்பதுபோல் மேலே கவிழ்த்துக்கொண்டு, அசட்டுச் சிரிப்புச் சிரித்துத் தப்பித்தேன்.

அன்றிலிருந்து நாற்காலியில் உட்கார்ந்து விசில் மட்டும் ஊதினேன். "டீச்சர், குதிச்சுக் காட்டுங்க" என்று பிள்ளைகள் கெஞ்சினால் எரிந்து விழுந்தேன். உண்மையில் பயம். குதிக்க முடியாத பி.டி. டீச்சரை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்? எனக்கு வேறு வேலை தெரியாது, பிடிக்கவும் பிடிக்காது. கணவரிடம்கூட இதைச் சொல்லவில்லை.

ஒரு சனிக்கிழமை கள்ளக்குறிச்சியில் ஒரு பிசியோதெரபிஸ்ட் அம்மாவிடம் போனேன். அவர் முதலில் செய்தது, என் வயிற்றுக் கட்டை அவிழ்த்தது. பிள்ளை பெற்றவள் வயிறு சரியக் கூடாது என்று என் அம்மா பழைய பருத்திப் புடவையைக் கிழித்து இறுக்கிக் கட்டிவிட்டிருந்தார். ஒல்லியாகத் தெரிகிறேனே என்ற ஆசையில், மாதக்கணக்கில் நானும் அதை விடவில்லை.

"மேல இவ்ளோ இறுக்கினா அழுத்தமெல்லாம் கீழதானே போவும்? கீழ இருக்கிற தசையே இப்பதான் தேறிக்கினு வருது" என்றார்.

பிறகு பயிற்சி சொல்லிக் கொடுத்தார். சிறுநீரையும் வாயுவையும் அடக்குவதுபோல அடியிலுள்ள தசையை மேலே இழுத்து, ஐந்து எண்ணும்வரை பிடித்து, முழுதாகத் தளர்த்த வேண்டும். தினமும் மூன்று வேளை. நடக்கலாம், கயிற்றை மட்டும் அவர் சொல்லும்வரை தொடக் கூடாது.

வீட்டில் குழந்தை விட்டால்தானே? பள்ளிக்குப் போகும் பஸ்ஸில் செய்தேன். கல்வராயன் மலையில் பஸ் ஏறத் தொடங்கியதும் வளைவுக்கு ஓர் இழுப்பு. ஆனால் என் வழக்கமான அவசரத்தில் மூச்சையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். நான்காவது வளைவில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா என் முகத்தைப் பார்த்தார். எங்கள் பள்ளியில் சத்துணவு சமைப்பவர் அவர்.

"இன்னா டீச்சர், மூஞ்சி இப்படிச் செவந்துட்டுது?" என்று கேட்டபடியே ஓர் எலுமிச்சம்பழத்தை என் மூக்கில் அழுத்தினார். அது இல்லாமல் அவர் மலை பஸ் ஏறுவதே கிடையாது. நான் வாய் திறப்பதற்குள், "வண்டிய நிறுத்துங்க, டீச்சருக்கு வாந்தி வருது!" என்று கத்தினார். பஸ் நின்றது. மொத்த பஸ்ஸும் எட்டிப் பார்க்க, சாலையோரம் குனிந்து, வராத வாந்திக்காக ஓங்கரித்தேன். அக்கா பாசத்தோடு என் முதுகில் குத்தினார். எனக்குச் சிரிப்பு முட்டியது. சிரித்தால் என்ன ஆகும் என்று தெரியும், ஆனது.

வேறு வழியில்லாமல் அவர் காதில் உண்மையைச் சொன்னேன்.

அக்கா சிரிக்கவில்லை. "எனக்கு மூணாவது பொறந்ததுலேர்ந்து அப்படித்தான் டீச்சர். தாளிக்கும்போது தும்மினா பாவாடை ஈரம். பொம்பளன்னா இருக்கும்னு வுட்டுட்டேன்" என்றார். அந்த மூன்றாவது பிள்ளைதான் என் ஆறாம் வகுப்பில் ஸ்கிப்பிங் ஆடுகிறவள். பதினோரு வருஷம்!

அடுத்த சனிக்கிழமை அவரையும் பிசியோதெரபிஸ்ட்டிடம் இழுத்துக்கொண்டு போனேன். "மூச்ச ஏன் புடிக்கிறீங்க? விட்டுக்கினே இழுங்க" என்று இருவருக்கும் சேர்த்துத் திட்டு விழுந்தது. அதன் பிறகு வளைவு வந்தால் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள மாட்டோம். பார்த்தால் சிரிப்பு வந்துவிடும்.

நாலைந்து மாதம் கழித்து, இனிக் குதிக்கலாம் என்று எங்கள் இருவருக்கும் அனுமதி கிடைத்தது. மறுநாளே விசிலைக் கழற்றி வைத்துவிட்டுக் கயிற்றை எடுத்தேன். ஐந்து, பத்து, இருபது. ஒரு சொட்டு இல்லை. பிள்ளைகள் கைதட்டிய சத்தம் கேட்டு அக்கா சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்தார். கரண்டியை மகளிடம் கொடுத்தார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கயிற்றுக்குக் கை நீட்டினார்.

"அம்மா, வாணாம்மா" என்று மகள் வெட்கத்தில் நெளிந்தாள்.

நான்கு முறை குதித்தார். ஐந்தாவதில் கயிறு காலில் சிக்கியது. மூச்சு வாங்க நின்று என்னைப் பார்த்தார். நான் புருவத்தை உயர்த்தினேன்.

"ஒண்ணுமில்ல டீச்சர்" என்றார். கண் கலங்கியிருந்தது, சிரித்துக்கொண்டிருந்தார். "ஒண்ணுமே இல்ல!"